எண்ணெய் வைத்த கம்பளி நூல்

நிப்லாவுக்கு வாய் நீளம். நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அவளிடமே சொன்னாலும் கோபிக்க மாட்டாள். "வாய் மட்டுமா நீளம்? நான் திரிக்கிற நூலும் நீளந்தான்" என்று சிரிப்பாள்.

வயது முப்பத்தெட்டு. புருசன் முபாறக் லொறிக்காரன். நிந்தவூர் மில்லில் அரிசி ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவான், மரக்கறி ஏற்றிக்கொண்டு வருவான். அந்த மலைக்குளிரில் அவன் படும் பாடு சொல்லி முடியாது. கம்பளிச் சால்வை போர்த்தினால் கழுத்தெல்லாம் சொறி, பருத்திச் சால்வை போர்த்தினால் பல் கிடுகிடுக்கும். ஒரு நாள் கரட், கோவா மரக்கறிகளோடு ஒரு மூடை ஆட்டு உரோமத்தையும் கொண்டுவந்து இறக்கினான். அங்கே ஒரு பண்ணையில் சும்மா கிடந்ததாம். வேறொருத்தி என்றால் மூடையோடு அவனையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பாள். சின்ன வயதிலிருந்தே பஞ்சில் நூல் திரித்துப் பழகிய நிப்லாவுக்கோ கை துறுதுறுத்தது.

கழுவிக் காயவைத்தாள். சொறியவும் கூடாது, குளிரவும் கூடாது என்று மூன்று பங்கு பஞ்சுக்கு ஒரு பங்கு உரோமம். பாயில் பஞ்சை மெல்லிசாகப் பரப்பி, அதன்மேல் உரோமத்தைத் தூவி, மேலே மறுபடியும் பஞ்சு. பிறகு குறுக்கே பிய்த்துப் பிய்த்து, கம்பிப் பல் வைத்த உருளைக்குள் கொடுத்து வாருவாள். இரண்டு தரம் வாரினால் எது ஆடு, எது பருத்தி என்று யாராலும் பிரிக்க முடியாது. அதை நூலாக்கப் பழைய தையல் மெசின் மோட்டர் பூட்டிய ராட்டை ஒன்று வைத்திருந்தாள்.

அவள் குடியிருந்த சின்னத் தெரு, அந்த ஒழுங்கையே சிரித்தது. விசிறி இல்லாமல் சோறு தின்ன முடியாத இந்த வெக்கையில் கம்பளியாம்!

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், ஆனால் நூலை நெய்ய ஒரு தறி வேண்டுமே. அங்கேதான் வந்தது வில்லங்கம். மூத்த நெசவாளி முகைதீன்பாவாவின் தறி ஏற்றுக்கொண்ட நூலைத்தான் ஊரில் மற்றத் தறிக்காரர்கள் தொடுவார்கள். அவர் சரிவராது என்றால் அதோடு கதை முடிந்தது. நிப்லா நூலைக் கொண்டுபோய்க் கொடுத்த நேரம் பார்த்துக் கச்சான் காற்றும் தொடங்கியது. மேற்கே இருந்து அனலை அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. காய்ந்த உரோமம் சிலுப்பிக்கொண்டு நிற்க, தறியின் பாவில் நீளவாக்கில் ஏற்றிய நூல் அரை முழத்துக்கு ஒரு தரம் அறுந்தது. இருபது முடிச்சுப் போட்ட மனுசன் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தூக்கிக் கீழே போட்டார்.

"என்ன புள்ள, இது நூலா இடியப்பமா? இன்னும் ஒரே ஒரு தரம் பார்ப்பன். எட்டு முழம் நெய்யிறதுக்குள்ள ஒன்ட நூல் மூணு தரம் அறுந்தா, ஆட்டு முடி இனி இந்த வாசலுக்கு வரப்படாது. ரெண்டு ஓரத்துக் கரைக்கும் என்ட பருத்தி நூலத்தான் போடுவன். கரையாவது ஒழுங்கா நிக்கட்டும்."

அந்த நீள வாய் இரண்டு நாள் மூடிக் கிடந்தது. முபாறக்குக்குப் பயம் பிடித்துவிட்டது. "ஏதாச்சும் ஏசு நிப்லா, வீடு வீடு மாதிரி இல்ல" என்று கெஞ்சினான்.

மூன்றாம் நாள் காலையில் மகள் ஸப்னாவுக்குப் பள்ளிக்கூடம் போகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். முதல் நாள் ஷாம்பூ போட்ட முடி. கச்சானுக்கு அது பறந்து சீப்பிலும் முகத்திலும் ஒட்டியது, ஒன்றும் அடங்கவில்லை.

"எண்ணெய் வைங்களேன் உம்மா, பேய் மாதிரி நிக்கிது!"

நிப்லா உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் தடவினாள். முடி படிந்துவிட்டது. சீப்பும் கையுமாக அப்படியே நின்றாள். ஆட்டு உரோமமும் முடிதானே! ஒரு பக்கப் பின்னலோடு மகளை விட்டுவிட்டுப் உரோமம் கிடந்த வீட்டுப் பின்பக்கத்துக்கு ஓடினாள். மிச்சத் தலையை ஸப்னாவின் பர்தா மறைத்தது, நல்லவேளை.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் போத்தலைக் குலுக்கினாள். உரோமத்தில் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு நாள் வைத்தாள். மறுநாள் வாரும்போது ஒரு தும்புகூடப் பறக்கவில்லை. திரித்த நூலையும் தறிக்குப் போகும்வரை ஈரச் சாக்குக்குள்ளேயே வைத்திருந்தாள். வாயும் திறந்துகொண்டது. முபாறக் நிம்மதியாக ஏச்சு வாங்கினான்.

இரண்டாம் பாவு ஏற்றிய அன்று முகைதீன்பாவா வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. அவர் நூலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நூலா பொரியலா புள்ள இது? தேங்காயெண்ணெய் மணக்குதே!"

"நெய்ங்க காக்கா. பொறகு கதைப்பம்" என்றாள் நிப்லா, அண்ணனிடம் சொல்வதுபோல.

நாடா ஓடியது. இரண்டாம் முழத்தில் ஒன்று அறுந்தது. "ஒண்டு!" என்றார். ஐந்தாம் முழத்தில் இன்னொன்று. "ரெண்டு!" ஆறு முழம் போனது, ஏழரையும் போனது. இன்னும் அரை முழம்தான்.

'டக்'கென்று ஒரு சத்தம்.

நிப்லா "யா அல்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். முகைதீன்பாவா குனிந்து, பாவின்மேல் விரலை மெல்ல ஓட்டினார். விரல் ஓரத்துக்குப் போய் நின்றது. அறுந்த நூல் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். 'மூணு' என்று சொல்லிவிட்டு முடிச்சுப் போட்டிருந்தால் கேட்க ஆளில்லை.

அவர் நிமிர்ந்தார். ஒழுங்கைக் கோடிவரை கேட்கக் கத்தினார்.

"அறுந்தது என்ட நூல்! கரை நூல்!"

முபாறக் விசிலடித்தான். பெண்கள் கைதட்டினார்கள். நிப்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகைதீன்பாவா முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி நெய்தார். நாலு விரற்கடை போவதற்குள் கரை நூல் திரும்பவும் அறுந்தது. காய்ந்த காற்று அவருடைய பருத்தியையும் விடவில்லை. நிப்லாவின் நூலோ அசையாமல் நின்றது. எட்டு முழமும் முடிந்தது.

அவர் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

"சபியா! அந்தத் தேங்காயெண்ணெய்ப் போத்தலக் கொஞ்சம் எடுத்துக் கொண்டா!"

"என்னத்துக்கு சபியா ராத்தாவக் கரைச்சல் படுத்திறீங்க?" நிப்லா தன் பையிலிருந்த போத்தலை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க காக்கா. பார்த்து ஊத்துங்க, பொரியலாப் போயிரும்."