எந்தச் சாவிக்கும் திறந்த பூட்டு

வேலுத்தாயைத் திருடின்னு சொன்ன வாயி நல்லா இருக்குமா? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

அவ கல்யாணத்துக்கு முன்னாடி திண்டுக்கல்ல பூட்டுப் பட்டறையில வேலை பார்த்தவ. இப்ப உடும்பஞ்சோலை ஏலத் தோட்டத்துல, எங்க கூலிக்காரங்க லயத்துல பக்கத்து வீடு. வாரம் பூரா என்கூட ஏலக்காய் எடுப்பா. ஞாயித்துக்கிழமை பஜார்ல சாக்கை விரிச்சு பூட்டு ரிப்பேருக்கு உக்காருவா. ரெண்டு பிள்ளைகளைக் காலேஜ்ல படிக்க வைக்கிறது அந்தச் சாக்குதான். வீட்டுப் பூட்டையும் சாவியையும் சேர்த்தே அவ கையில குடுத்துட்டுப் போவாங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா அவ பிழைப்பும் போச்சு.

போன ஞாயிறு எங்க முதலாளி ஜின்சன் ஜீப்பை விட்டு இறங்கினாரு. ஸ்டோர்ல ஏலக்காய் மூட்டையைக் காணோமாம், பூட்டு உடையலையாம்.

"மழைக்கு முன்னாடி இந்தப் பூட்டை நீதான சர்வீஸ் பண்ணின? இன்னொரு சாவி வச்சிருக்க. மரியாதையா எடு, இல்லேன்னா ஸ்டேஷனுக்கு வா."

அத்தனை பேரு முன்னாடி கேக்குறாரு. ரிப்பேருக்குக் குடுத்தவங்க ஒவ்வொருத்தரா அவங்கவங்க பூட்டை எடுத்துக்கிட்டு நழுவுனாங்க. நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னு குழைஞ்ச சனம்.

வேலுத்தாய் அழல. பூட்டை வாங்கி உத்துப் பார்த்தா. "உன் வீட்டுச் சாவியைக் குடுக்கா"ன்னு என்கிட்ட கை நீட்டுனா. எங்க பூட்டும் அதே கம்பெனிதான். என் சாவியைப் போட்டுத் திருகுனா, முதலாளி பூட்டு வாயைப் பொளந்துருச்சு.

கழட்டிக் காமிச்சா. சாவிப் பல்லுக்கு ஏத்தபடி ஏறி இறங்குற பித்தளைப் பின் ஒண்ணுகூட உள்ள இல்ல. அதை அழுத்துற ஸ்பிரிங்கும் இல்ல.

"இதைக் கழட்டுனது யாரு மொதலாளி?"

அப்பத்தான் அவரு முனகுறாரு. துருப்பிடிக்கக் கூடாதுன்னு தேங்காய் எண்ணெய் ஊத்தினாராம். இந்த மலைக் குளிர்ல அது உறைஞ்சு சாவி திரும்பலையாம். தானே கழட்டித் துடைச்சாராம். என்னமோ பொடிசா உதிர்ந்துச்சாம், பெருக்கித் தள்ளிட்டாராம்.

"என் சாவிக்குத் திறந்துச்சு, பூட்டுச்சு. நல்லாத்தான இருந்துச்சு?"

நல்லாத்தான் இருந்துச்சு, ஊருல உள்ளவன் சாவிக்கெல்லாம்.

தப்புதான்னு ஒரு வார்த்தை வரணுமே? "சரி, விடு. ரெடி பண்ணிக் குடு"ன்னாரு. இவ டப்பாவைத் திறந்து, சின்னக் குறடால ஸ்பிரிங்கை உள்ள வச்சா. அப்புறம் சாவி நுழையுற உருளையில பின்னை ஒவ்வொண்ணா இறக்கினா. கடைசிப் பின்னை எடுக்கிறப்ப முதலாளி குனிஞ்சு, "இதுக்கு உன்கிட்ட வேற சாவி இல்லல்ல?"ன்னு கேட்டாரு.

வேலுத்தாய் கை நின்னுச்சு. அவரு உள்ளங்கையை விரிக்கச் சொன்னா. உருளையை அதுல கவுத்தா, பின்னெல்லாம் கொட்டுச்சு.

"நீங்களே மாட்டிக்குங்க மொதலாளி."

ஜீப் போனதும் நழுவுனவங்க பூட்டோட திரும்பி வந்து நின்னாங்க. அவ பூட்டை மட்டும் வாங்கினா, ஒருத்தர் முகத்தையும் பார்க்கல.