ஸ்டீயரிங்குக்குள் ஈயக்குண்டு

முதல் தடவை அந்த வண்டியை ஓட்டிவிட்டு இறங்கியபோது என் கைகள் வேறு யாருடையவோ போலிருந்தன. விரல் நுனியெல்லாம் மரத்துப் போய், உள்ளங்கை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அதை வெளியே காட்டாமல் கேப்டன் நீட்டிய டீ கிளாஸை வாங்கினேன். பாதி டீ அவள் துப்பட்டாவில் போய் விழுந்தது.

"இன்னாடீ இது?" என்றாள். அவள் கண் துப்பட்டாவில் இல்லை, என் கையில் இருந்தது.

"ஒண்ணுமில்ல. டீ சூடு."

"ஆறிப்போன டீடீ அது."

கேப்டன் என்று நான் சொல்வது என் தோழியை. பழவேற்காடு ஊருக்குள் இருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நான் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே பஸ், ஒரே டிபன் பாக்ஸ், ஒரே சண்டை. மெக்கானிக்கல் படிப்பிலும் ஒன்றாகப் போய் விழுந்தோம். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் கோ-கார்ட் போட்டிக்கு எங்கள் வகுப்பில் ஓர் அணி சேர்த்தபோது, அதட்டத் தெரிந்தவள் என்பதால் அவளைக் கேப்டன் ஆக்கினார்கள்.

கோ-கார்ட் என்றால் தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டும் குட்டிப் பந்தய வண்டி. இரும்புக் குழாயில் சட்டம், முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜின், அதிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு செயின். ஸ்பிரிங் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. இன்ஜின் நடுங்கினால் சட்டம் நடுங்கும், சட்டம் நடுங்கினால் ஸ்டீயரிங் நடுங்கும், அப்புறம் ஓட்டுகிறவளின் கடைவாய்ப் பல் வரைக்கும் போகும்.

அந்த ஸீட் மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. நான் வெல்டிங் வைத்தால் குழாய் கோணிக்கொள்ளும். நான் கணக்குப் போட்டால் கேப்டன் வாயை மூடிக்கொண்டு மறுபடி போடுவாள். ஆனால் வளைவுக்குள் வண்டியை விட்டு, வழுக்குகிற அந்த நொடியில் பிடித்துத் திருப்புவது எனக்குத் தானாக வந்தது. மொத்த வகுப்பிலும் நான் முதலாவதாக இருந்த ஒரே காரியம் அதுதான். அதை விட்டுக்கொடுக்க நான் என்ன லூசா?

"போட்டியில ரொம்ப நேரம் ஓட்டணும்டீ," என்றாள் கேப்டன். "இவ்ளோண்டு ஓட்டுனதுக்கே கை இப்டி கீதுன்னா, அங்க இன்னா பண்ணுவ? ஸ்டீயரிங் புடிச்சிக்கினு கீறியா விட்டுட்டியான்னே உனக்குத் தெரியாது. நேரா போயி செவுத்துல வுடுவ."

"அப்ப யாரு ஓட்டுறது?"

எங்கள் அணியில் இன்னொருவன் இருந்தான். முறம் அளவுக்குக் கை, இன்ஜின் எப்படி ஆடினாலும் அசராத உடம்பு. ஆனால் பால்குடம் தூக்கிப் போகிறவனைப் போல வளைவில் திரும்புவான்.

"அவன் மெதுவாத்தான் ஓட்டுவான். ஆனா கடைசி வரைக்கும் ஓட்டுவான்," என்றாள். "பொங்கல் லீவு முடியட்டும். அதுக்குள்ள வண்டிய ஓட்டிட்டு எறங்கி, கை நடுங்காம எனக்கு ஒரு டீ கொண்டாந்து குடு. இல்லன்னா அவன்தான்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்குப் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஸீட்டைக் கொடுக்காமல் ஊர் வரை நானே உட்கார்ந்து வந்தேன். என்னால் முடிந்த தண்டனை அவ்வளவுதான்.

லீவில் கல்லூரி ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் அணிக்குப் பொறுப்பான சாரிடம் கெஞ்சி, மீன் ஏற்றும் குட்டியானை வேனில் வண்டியைப் போட்டுக் குப்பத்துக்குக் கொண்டுவந்தோம். மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு நல்ல சிமெண்ட் தளம் உண்டு. பகலில் அதில் நெத்திலி காயும். சாயங்காலம் பெண்கள் அதைக் கூட்டி அள்ளிய பிறகு, தளம் எனக்கு.

வண்டியை இறக்கியதும் தெருவே கூடிவிட்டது. "இன்னாமே இது, படுத்துக்கினு ஓட்ற வண்டியா?" என்றாள் ஒரு பெரியம்மா. "இப்டி குந்திக்கினு போனா ஏரியில எறாதான் பொறுக்கலாம்," என்றாள் இன்னொருத்தி. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் அதையும் தாண்டிக் கேட்டது.

என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இப்போது ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்தான், ஆனால் தொழில் தொடங்கியது கட்டுமரத்தில். இன்ஜினைச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கியிருந்த போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார்.

"இம்மாம் இறுக்கமா வெச்சா அது எங்கம்மா போவும்? மரத்த நாங்க இன்னா போல்ட்டு போட்டா முடுக்குனோம்? கயித்துல கட்டுவோம். அலை தூக்குனா மரமும் கொஞ்சம் அசைஞ்சி குடுக்கும். அதான் ஒடையாம கரைக்கு வரும்."

எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் என் பாடப்புத்தகமும் அதையே சொன்னது. ஆடுகிற இயந்திரத்தை மெத்தென்ற ரப்பரின் மேல் உட்கார வை, ஆட்டம் வெளியே போகாது என்று. புத்தகமும் நைனாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் என்ன, போல்ட்டை எல்லாம் கழற்றினோம். லாரி டியூபை வெட்டி அடுக்கடுக்காக இன்ஜினுக்கு அடியில் வைத்தோம். நைனாவும் அவருடைய கூட்டாளிகளும் நைலான் கயிற்றால், கட்டுமரத்துக்குப் போடுகிற அதே கட்டை இன்ஜினுக்குப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் காலை ஊன்றி இழுத்தார்கள்.

ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி சுகமாக ஆடியது. ஸ்டீயரிங்கில் நடுக்கமே இல்லை. நான் கூச்சலே போட்டுவிட்டேன். நைனா மீசையை நீவிக்கொண்டார். பெருமையாக ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

பின்னால் டமாரென்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் செயின் கழன்று தரையில் கிடக்கிறது. மாட்டிவிட்டு மறுபடி மிதித்தேன், மறுபடி விழுந்தது. விஷயம் இதுதான்: மிதித்ததும் செயின் தன் பலத்தையெல்லாம் காட்டி இன்ஜினைப் பின்சக்கரத்தின் பக்கம் இழுக்கிறது. கயிற்றில் கட்டிய இன்ஜின் நல்ல பிள்ளையாக அசைந்து கொடுக்கிறது. உடனே செயின் தொய்ந்து கழன்றுவிடுகிறது.

"இன்ஜினு தூங்கினுகீது, எழுப்பாத," என்றாள் நெத்திலிக் கூடையோடு நின்ற பெரியம்மா.

நைனா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "மரத்துல செயின் இல்லல்ல, அத மறந்துட்டேன்," என்றார். பிறகு அவரே முதலில் சிரித்தார். அடக்க முடியாமல் நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. செயின் நிற்க வேண்டுமென்றால் இன்ஜினை இறுக்கித்தான் ஆக வேண்டும். இறுக்கினால் நடுக்கம் வரும், நடுக்கம் வந்தால் ஸீட் போய்விடும்.

மறுநாள் காலை போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கிவிட்டு, உம்மென்று வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நைனா ஒரு புது வலையை வேலியில் போட்டு, அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். பாதிக் கயிறு வரை கோத்திருந்தார், மீதி வெறுங்கயிறு. கடற்காற்று பலமாக அடித்தது. குண்டு கோக்காத பாதி வலை படபடவென்று அடித்துக்கொண்டது. கோத்த பாதி அதே காற்றில், அதே வேலியில், தொங்கினபடி சும்மா இருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றை யாரும் நிறுத்தவில்லை. இன்ஜினையும் நான் ஏன் நிறுத்த வேண்டும்? அது பாட்டுக்கு நடுங்கட்டும். நான் பிடிக்கிற இடத்தில் கனம் ஏற்றினால் போதாதா? எங்கள் ஸ்டீயரிங் முழு வட்டம் கிடையாது. மேல்பக்கம் வெட்டிவிட்ட வளையம், இரண்டு முனையிலும் குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

"நைனா, ஈயக்குண்டு கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"இன்னாத்துக்கு?"

"வண்டிக்கு."

"எடுத்துக்கோ. நேத்து அத மரம் ஆக்குனோம், இன்னிக்கி வலை ஆக்கு," என்றார்.

இரண்டு பக்கக் குழாயிலும் குண்டுகளைக் கொட்டினேன். சாயங்காலம் கேப்டன் ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போது ஸ்டீயரிங் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "யாருக்குடீ கிலுகிலுப்பை?" என்றாள். சத்தம் வந்தால் குண்டு உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் வெளியே கொட்டி, கிழிந்த வலையைச் சின்னச் சின்னதாக வெட்டினோம். குண்டு கொஞ்சம், வலை கொஞ்சம், மறுபடி குண்டு என்று கம்பியால் குத்திக் குத்தி அடைத்தோம். குழாய் வாய்க்கு வலை மிதவையைச் செதுக்கி மூடி போட்டோம். கடைசிக் குண்டு வரை கேப்டனே குத்தினாள்.

நெத்திலியை அள்ளி முடித்தார்கள். நான் ஏறினேன். முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. முதுகில் நடுக்கம் இருந்தது, இடுப்பில் இருந்தது, கடைவாய்ப் பல்லிலும் இருந்தது. கைக்கு மட்டும் லேசான ஒரு முனகல்தான் வந்தது. நம்பாமல் ஓட்டினேன். முதல் தடவை ஓட்டியதைவிட அதிகம் ஓட்டினேன். வெயில் இறங்கி, லைட்ஹவுஸ் விளக்கு சுற்ற ஆரம்பிக்கும் வரை ஓட்டினேன்.

இறங்கியதும் நேராக ஏலக் கொட்டகைக்குப் போனேன். வீட்டிலிருந்து வந்த டீ அங்கே தூக்குவாளியில் இருந்தது. ஒரு கிளாஸில் விளிம்பு வரை ஊற்றினேன். தளத்தின் அந்தக் கோடியில் கேப்டன் நின்றாள். பெண்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நடந்தேன். வழியில் ஒரு சொட்டு விழவில்லை. அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கினாள். கிளாஸ் கடகடவென்று ஆடியது. பாதி டீ அதே துப்பட்டாவில் கொட்டியது.

"இன்னாடீ இது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல," என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "டீ சூடு."

கடற்காற்றில் அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"யாரு ஓட்டப்போறான்னு அன்னிக்கே சார் கேட்டாருடீ," என்றாள். "உன் பேரத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."