பாம்படம் தொங்கிய காது

மார்த்தாண்டத்தில் கவரிங் கடை வைத்திருந்த அஜிதாவுக்கு நாக்கில் சனி. கிழவிகள் காதில் தொங்கும் பாம்படத்தை எவனாவது ஃபேஸ்புக்கில் போட்டு, ‘நூறு வருசப் பழசு, விற்பனைக்கு’ என்றால் விடமாட்டாள். “அழுக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறது, பூசின கறுப்பு. போட்டுத் தேய்ந்த நகை என்றால் காதில் தொங்கும் இடம் மெலிந்திருக்கும்” என்று கீழே எழுதுவாள்.

முகம் காட்டாத ஒருவனை அப்படித்தான் சந்தி சிரிக்க வைத்தாள். “அசல் என்றால் அது தொங்கின காதைக் காட்டு.”

“காட்டுகிறேன்” என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் மத்தியானம் படம் வந்தது. தோள்வரை இறங்கிய காது. தொங்கும் இடத்தில் மெலிந்த பாம்படம். அவளால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ‘அசல்தான்’ என்று எழுதப்போனவள், காதுக்குப் பின்னால் கொடியில் கிடந்த நைட்டியைப் பார்த்தாள். காலையில் அவளே துவைத்துப் போட்டது. படத்தின் கீழே, ‘இன்றே கைக்கு வரும்’ என்றிருந்தது.

அருமனையில் அவள் வீட்டில் மாமியார் பகவதியம்மாள் தனியாக இருந்தாள். அஜிதா போன் அடித்தாள்.

“மாமி, கதவைச் சாத்துங்க!”

“ஏன் மக்கா? பாம்படத்துக்குப் பாலீஷ் போட நீ அனுப்பின ஆளு வந்தாச்சுல்லா. திருகு கழறமாட்டேங்கு. கத்தி எடுக்க அடுக்களைக்குப் போயிருக்கான்.”