பாத்ரூமுக்குப் பார்த்த இடம்

எங்க ஏரியா பார்க்குல பாத்ரூம் கட்டப் போறாங்கன்னு கேட்டதும் மொதல்ல சந்தோஷப்பட்டவ நான்தான். ராயபுரத்துல பார்க்குன்னு ஒண்ணு கீது, பேருக்கு. வாக்கிங் வர்ற பொம்பளைங்க அவசரம்னா வூட்டுக்குத்தான் ஓடணும். இப்ப பாத்ரூம், குடிதண்ணி, புள்ளைங்களுக்கு ஊஞ்சல், வயசானவங்க உக்கார பெஞ்சு எல்லாம் வருதுன்னு கேட்ல போர்டு வெச்சாங்க. கல்லறைத் திருநாளுக்குள்ள தொறந்துடுவாங்கன்னு பேச்சு. நல்லா இருக்கட்டும் சாமின்னு நெனச்சேன். அப்புறந்தான் பாத்ரூமுக்கு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடத்தைப் பார்த்தேன்.

அது எங்கண்ணன் இடம்.

எங்கண்ணன் கடலுக்குப் போனவன் திரும்பல. பொண்ணு பார்த்துகினு இருந்த வயசு. காத்து மாறின அன்னிக்கு அவன் போன மீன்புடி போட்டு காட்டுப்பள்ளி பக்கம் கவுந்துச்சு. மத்தவங்க கரை சேர்ந்தாங்க. அவன் உடம்பு கூட கெடைக்கல. கோயில்ல பூசை வெச்சோம், தெருவே அழுதுச்சு. ஆனா பொதைக்க உடம்பு இல்லாதவனுக்குக் கல்லறை ஏது? கல்லறைத் திருநாள் அன்னிக்கு எல்லாரும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துகினு கெளம்புவாங்க. எங்கம்மா மட்டும் வாசல்ல நின்னு அவங்க போறதைப் பார்த்துகினு இருக்கும்.

அதைப் பார்க்க முடியாமத்தான் எங்க நைனா அந்தக் காரியத்தைப் பண்ணாரு. அண்ணன் சட்டை ஒண்ணு, அவன் ஜெபமாலை, ரெண்டையும் பிஸ்கெட் டின்ல வெச்சு, ரோட்டுக்கு அந்தாண்ட இருந்த காலி மனையில பொதைச்சாரு. அப்ப அது வெறும் மணலும் முள்ளுச் செடியும். கல்லோ சிலுவையோ வெக்கல. வெச்சா எவனாச்சும் புடுங்கிப் போட்டுடுவான்.

அப்ப இடத்தை எப்படி ஞாபகம் வெச்சுக்கறது? கடல்ல என்ன பண்ணுவாரோ அதையே பண்ணாரு நைனா. நடுக்கடல்ல மீனு நல்லா பட்ட எடத்துக்கு மறுபடி போவணும்னா, கரையில கீற ரெண்டு பொருளை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நேரா வர்ற மாதிரி பார்த்து வெச்சுப்பாங்க. இந்தாண்ட ஒரு ஜோடி, அந்தாண்ட ஒரு ஜோடி. ரெண்டு கோடும் எங்க முட்டுதோ அதான் இடம். அண்ணனுக்கும் அப்படியே. "மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால தண்ணி டேங்க் வரணும். இந்தாண்ட ஐஸ் ஃபேக்டரி மூலைக்கு நேர் பின்னால புகைக்கூண்டு வரணும். அங்க நின்னீங்கன்னா அவன் உங்க காலாண்ட கீறான்"னு எனக்கும் அம்மாவுக்கும் காட்டினாரு.

பொறவு அந்த மனையில குப்பை கொட்டினாங்க, வேலி போட்டாங்க, லாரி லாரியா மண்ணு கொட்டி மேடாக்கினாங்க. ரொம்ப வருஷம் உள்ளயே போவ முடியல. நைனாவும் போய்ச் சேர்ந்துட்டாரு. பார்க்குன்னு ஆக்கித் தொறந்தப்ப நானும் அம்மாவும் போனோம். கோபுரம், டேங்க், ஐஸ் ஃபேக்டரி, புகைக்கூண்டு, எல்லாம் நேரா வர்ற எடத்துல போய் நின்னோம். அம்மா அப்படியே குந்திகினு மண்ணைத் தடவிச்சு. அன்னிலேர்ந்து சாயங்காலம் ஆனா அதுக்கு அங்கதான் இருப்பு, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் அங்கதான்.

போயிட்டு வந்து சும்மா இருக்குமா? "அவன் கூப்புடுறான்டி"ன்னு ஆரம்பிக்கும்.

"இன்னா சொல்றான்?"

"'யம்மா, நான் இங்க கீறேன், நீ எங்க பார்த்துகினு கீறே'ன்றான்டி. முதுகு பக்கமா நின்னு கூப்புடுறான்."

முதுகு பக்கம் பார்க்கு மதில் சுவருதான் கீது. வயசாயிடுச்சு, காதுல ஏதோ கொழப்பம்னு விட்டுட்டேன். "ஆமா, உம்புள்ள சுவத்தாண்ட ஒளிஞ்சு ஆடறான். சோத்தைத் துன்னுட்டுப் படு"ன்னு வைவேன். வஞ்சுட்டனே ஒழிய, அந்தச் சுவத்தோரமா தனியா நடந்தா எனக்கும் உடம்பு சிலுத்துக்கும். பொய் சொல்லக்கூடாது, எனக்கு பயமாத்தான் இருந்துச்சு.

சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்த அன்னிக்கு நான் முழு பஜாரியாயிட்டேன். வேலையைப் பார்த்துகினு இருந்த என்ஜினியர் சின்னப் பொண்ணு, வெளியூரு. "யம்மாடி, இங்க கட்டாதே"ன்னேன்.

"ஏன்க்கா? தண்ணி லைன் இங்கதான் பக்கம்."

உள்ள எங்கண்ணன் சட்டை கீதுன்னு எப்படிச் சொல்றது? சிரிச்சாலும் வம்பு, தோண்டி எடுத்துகினு போன்னாலும் வம்பு. அதனால வாயில வந்ததெல்லாம் சொன்னேன். நாத்தம் வரும், நிழல் கீற ஒரே இடம் இது, கெழவிங்க குந்தற எடத்துல கக்கூஸ் கட்றியே உனக்கே நல்லாருக்கான்னு கேட்டேன். தெருப் பொம்பளைங்களைக் கூட்டியாந்து கோட்டு மேலயே வரிசையா உக்கார வெச்சேன். பாவம் அந்தப் பொண்ணு, எவ்ளோ நேரந்தான் தாங்கும்? "சரிக்கா, பாத்ரூமை மதிலோரமா மாத்திடறேன். இங்க பெஞ்சு போட்டுக் குடுத்துடறேன், போதுமா?"ன்னுச்சு.

அன்னிக்கு வூட்டுக்கு வந்த என் மெதப்பு இருக்கே! அம்மா என் கையைப் புடிச்சுகினு, "நல்லா இருப்படி"ன்னு அழுதுச்சு.

மதிலோரமா செப்டிக் டேங்க்குக்குப் பள்ளம் தோண்டறாங்கன்னு வேடிக்கை பார்க்கப் போனேன். நான் வாங்கிக் குடுத்த மாத்தம், அதைப் பார்க்காம இருப்பனா? ஜேசிபி ரொம்ப ஆழத்துலேர்ந்து மணலை அள்ளிக் கொட்டிச்சு. அதுல துருப்புடிச்ச தகரம் ஒண்ணு உருண்டுச்சு. எடுத்தா அப்பளம் மாதிரி நொறுங்குது. உள்ள ஜெபமாலையும் நீலக் கட்டம் போட்ட சட்டையும். டெரிகாட்டன், மக்கவேயில்ல. வெள்ளைப் பட்டன் வரிசையில ஒண்ணு மட்டும் செவப்பு. என் பழைய கவுன்லேர்ந்து பிச்சு அம்மா தெச்ச பட்டன்.

"நிறுத்து! வண்டியை நிறுத்து!"ன்னு கத்தினேன். என் குரலு எனக்கே யாரோடதோ மாதிரி இருந்துச்சு.

பள்ளத்தாண்ட நின்னு நிமிர்ந்து பார்த்தேன். கோபுரத்துக்குப் பின்னால டேங்க், நேரா கீது. திரும்பி ஐஸ் ஃபேக்டரியைப் பார்த்தா, மூலைக்குப் பின்னால வெறும் ஆகாசம். புகைக்கூண்டு தள்ளி நிக்குது. மேஸ்திரியைக் கேட்டேன். "பழசை எப்பவோ இடிச்சுட்டாங்களேக்கா. இது புதுசு, தள்ளிக் கட்டினது"ன்னாரு. கடல்ல நின்னு பார்க்கறவனுக்குக் கரை நகராது. அந்த நம்பிக்கையிலதான் நாங்க மோசம் போனோம்.

இத்தினி வருஷமா அம்மா அவனுக்கு முதுகைக் காட்டிகினு குந்தியிருக்குது. அவன் கூப்புட்டது நெசம். நான் என்னடான்னா சண்டை போட்டு, பெருமையடிச்சு, அவன் தலை மேலயே கக்கூஸைக் கொண்டாந்து வெச்சேன். அந்த மணல்லயே குந்திகினு அழுதேன்.

"யாரு துணிக்கா?"ன்னாரு மேஸ்திரி.

"எங்கண்ணன்."

பெஞ்சுக்குத் தோண்டின குழியில இன்னும் கான்கிரீட் போடல. வூட்டுக்கு ஓடி ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாந்தேன். சட்டையையும் ஜெபமாலையையும் அதுல மடிச்சு வெச்சு, அந்தக் குழிக்குள்ள இன்னும் ஆழமா தோண்டிப் பொதைச்சேன். "இனிமே நீ அம்மா காலாண்டதான் கீறே அண்ணா, கூப்புட வேணாம்"னு சொன்னேன். மேஸ்திரி அவரு கையாலயே கலவை போட்டு மூடினாரு. அம்மாவாண்ட மூச்சு விடல. நீ இத்தினி வருஷமா வெறும் மண்ணுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்னு எந்த வாயால சொல்றது?

வேலை முடிஞ்சு பார்க்கை மறுபடி தொறந்தாங்க. அம்மாவைக் கூட்டியாந்து பெஞ்சுல உக்கார வெச்சேன். கல்லைத் தடவிப் பார்த்துச்சு.

"இன்னாம்மா, கூப்புடுறானா?"

காதைச் சாய்ச்சு கேட்டுச்சு. அப்புறம் மதில் பக்கம் திரும்பிச்சு. அங்க பாத்ரூம் கதவு தொறந்து மூடிகினு இருந்துச்சு, உள்ள கொழாத் தண்ணி ஓடற சத்தம்.

"இல்லடி."

மறுநாளும் இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. "இம்மா வருஷம் கூப்புட்டுகினு இருந்தவன், இப்ப வாயே தொறக்க மாட்டேன்றான். கோச்சுகினானாடி?"ன்னு என்னைக் கேட்டுச்சு. டோல்கேட் வரைக்கும் கேக்கற வாயி எனக்கு. அதால "சோத்தைத் துன்னும்மா"ன்னு மட்டும் சொன்னேன். அம்மா சோறு கொறைஞ்சு போச்சு. பார்க்குக்குப் போறதும் கொறைஞ்சு போச்சு.

கல்லறைத் திருநாள் அன்னிக்கு சாமந்தியும் மெழுகுவத்தியும் வாங்கியாந்து, "வாம்மா போலாம்"னேன். பூண்டு உரிச்சுகினு இருந்துச்சு.

"எங்க?"

"பார்க்குக்கு. அண்ணனாண்ட."

தலையைத் தூக்கவேயில்ல. "அங்க யாருடி கீறாங்க?"ன்னுச்சு.

நான் மட்டும் போனேன். மெழுகுவத்தியை ஏத்தி வெச்சுட்டு, பெஞ்சாண்ட குனிஞ்சு, "அண்ணா, நான் சொன்னதைக் கேக்காதே. அம்மாவை இன்னொரு வாட்டி கூப்புடு"ன்னேன்.