முழங்காலைக் காத்தவர், கல்யாணத்தைக் கலைத்தவர்

டாக்டர் மரகதவல்லி இறந்த செய்தி எனக்கு லாரி ஷெட்டில் வந்தது. விருதுநகரிலிருந்து லோடு ஏற்ற வந்த டிரைவர் வண்டியை விட்டு இறங்கும்போதே சொன்னான்: "அண்ணாச்சி, உங்க டாக்டரம்மா போயிட்டாக. காலையிலேயே எடுத்தாச்சாம்."

"சரி, வண்டியப் பின்னால எடு" என்றேன். அன்று முழுக்கப் பட்டாசுப் பெட்டிகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் பழைய கோபம். செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்று சொல்வார்கள். டாக்டரம்மா அந்த மாதிரி மரியாதைகளைப் பார்த்தவரில்லை. நானும் பார்க்கப் போவதில்லை.

பிறகு விருதுநகரில் இரங்கல் கூட்டம் நடந்தது. போயிருந்தேன். "தாயுள்ளம் படைத்தவர்" என்று ஒருவர் ஆரம்பிக்க, அடுத்து வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் அவருடைய கிளினிக் வாசலை மிதிக்காதவர்கள். "அந்தச் சிடுமூஞ்சிகிட்ட யாரு ஏச்சு வாங்குறது?" என்று மதுரைக்கு பஸ் ஏறியவர்கள். ஐயா, அவருக்குத் தாயுள்ளம் கிடையாது. தாயுள்ளம் இருந்தது என் அம்மாவுக்கு. அவள்தான் வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னவள்.

1950-களின் நடுவில், நான் இளவட்டமாக இருந்தபோது, ஒரு தீபாவளி சீசனில் அது நடந்தது. சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் வேலை எனக்கு. லாரி மேலிருந்து சரிந்த பெட்டி ஒன்று முழங்காலில் இடித்தது. காயம் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் கால் லேசாகக் கதகதத்தது. மறுநாள் முழங்கால் இளநீர்க் காய் அளவுக்கு வீங்கிவிட்டது. சாத்தூர்ப் பக்கம் எங்கள் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி, மடக்கி, இழுத்து விட்டார். தேய்க்கத் தேய்க்க வீக்கம் ஏறியது. காய்ச்சல் வந்த பிறகுதான் அப்பாவும் அம்மாவும் என்னை விருதுநகருக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள்.

டாக்டரம்மா காலைத் தொட்டார். எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்தார்.

"எவன் தேய்ச்சான்?"

"எங்க ஊரு வைத்தியருதாம்மா. கைராசிக்காரரு" என்றார் அப்பா.

"அந்தக் கையை முறிச்சுப் போடணும்."

அப்பா நிலபுலன் உள்ளவர். ஊரில் அவர் முன்னால் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. முகம் சிவந்து எழுந்துவிட்டார். டாக்டரம்மா அவரைக் கண்டுகொள்ளாமல் அம்மாவிடம் திரும்பினார். "இவனுக்கு எப்பவாவது ரத்தம் நிக்காம வந்திருக்கா?"

"பல்லு புடுங்குனப்ப ரெண்டு நாளு கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சும்மா."

"உங்க கூடப் பிறந்த ஆம்பளைங்க யாருக்காவது?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய தம்பி ஒருவர், கட்டி ஒன்றை அறுத்த இடத்தில் ரத்தம் நிற்காமலே செத்துப்போனார் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவிடம் கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

என் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஹீமோபீலியா, லேசான வகை என்று தெரிந்தது. லேசானது என்றதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. டாக்டரம்மா கத்தினார். "சிரிக்காதே! ரத்தம் உறையறதுக்கான சத்து கொஞ்சமும் இல்லாதவன் சின்ன வயசுலயே உஷாராயிடுவான். உனக்குக் கொஞ்சம் இருக்கு. அதனால உன்னை நோயாளின்னு நீயும் நம்ப மாட்டே, ஊரும் நம்பாது. முழங்காலுக்குள்ள இருக்கறது நீர் இல்லடா, ரத்தம். திரும்பத் திரும்ப அங்க ரத்தம் இறங்கினா மூட்டு அரிச்சுப் போயிடும். அப்புறம் நடக்க முடியாம உட்கார்ந்து அழுவே."

மாவுக்கட்டுப் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தபோது வீக்கம் போயிருந்தது. கால் மடங்கவில்லை. தொடை குச்சியாக இளைத்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதிக நாள் விட்டுட்டேன். என் தப்பு" என்றார். வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோல இருந்தது. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. மறுநாளிலிருந்து கணுக்காலில் மணல் பையைக் கட்டி, தம் கண் முன்னால் காலைத் தூக்க வைத்தார். வலியில் நான் திட்டியதெல்லாம் அவர் காதில் விழுந்தது. "திட்டிக்கிட்டே தூக்கு. தொடைச் சதை கெட்டியா இருந்தாத்தான் மூட்டு பிழைக்கும்" என்பார்.

கால் நேரானால் நான் சாத்தூரிலிருந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவேன் என்று அம்மா நேர்ந்திருந்தாள். டாக்டரம்மா விடவில்லை. "மாரியம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மாட்டு வண்டியில கூட்டிட்டுப் போங்க." அம்மா அதற்காக அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இனி எழுதப்போவதை என் தங்கை வெள்ளையம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுண்ணே. எம்பேரப் போட்டே எழுது" என்றாள்.

அடுத்த வருஷம் அவளுக்கு விருதுநகரில் ஒரு வரன் அமைந்தது. வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் ஏதோ காய்ச்சலுக்கு டாக்டரம்மாவிடம் போனவர், பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார்: "அந்தப் பையனுக்குக் கால்ல என்னமோ வியாதியாமே? பொண்ணுக்கும் உண்டுமா?" டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெண்ணுக்கு ஒன்றும் செய்யாது, அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்று. அந்த அம்மாள் 'வரலாம்' என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் தாம்பூலம் திரும்பி வந்தது.

கிளினிக்குக்கு நானும் வெள்ளையம்மாளும் போனோம். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். டாக்டரம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. "கேட்டாங்க. சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது" என்றார்.

வெள்ளையம்மாள் என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். "பொய் சொல்லச் சொல்லலைங்க. 'அத அவுக வீட்டுல கேளுங்க'ன்னு சொல்லிட்டு உங்க வேலையப் பாத்திருக்கலாம்ல? என் சேதியச் சொல்ல நீங்க யாரு?"

டாக்டரம்மா மேஜையைப் பார்த்தபடி இருந்தார். யாருக்கும் பதில் சொல்லத் தயங்காதவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆமாம்மா" என்ற ஒரு சொல் போதும் என்று என் தங்கை நின்றிருந்தாள். அது வரவில்லை. அந்த மௌனத்தைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வெள்ளையம்மாளைப் பிறகு ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். மூத்தாளின் பிள்ளைகளை வளர்த்தாள். தனக்கென்று பிள்ளை வேண்டாம் என்று இருந்துவிட்டாள். கூட்டத்தில் தாயுள்ளத்தைப் பற்றிப் பேசியவர்கள் அவளிடம் வந்து பேசட்டும்.

அதற்குப் பிறகும் நான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். வேறு போக்கிடம் இல்லை. காலை நீட்டுவேன், அவர் பார்ப்பார். "மடக்கு", "நீட்டு" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஒருமுறை மட்டும், வீங்கிய பிறகு தாமதமாகப் போனதற்குக் கத்தினார். "வலிக்குதுன்னு வராதே. வலிக்கறதுக்கு முந்தி வா! உள்ள சூடா கூசுதுல்ல, அப்பவே உட்காரு. ஐஸ் வை. கட்டுப் போடு."

அப்படி நான் உட்காருவது கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. சீசன் நேரத்தில் ஆள் நன்றாக நடந்துகொண்டு சாக்குச் சொல்கிறான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். லாரியில் ஏறி அடுக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார் முதலாளி. இதை டாக்டரம்மாவிடம் யார் சொன்னார்கள் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் குடையோடு சிவகாசி பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே முதலாளி அறைக்குள் போனார்.

"நல்லாத்தானே நடக்காரு?" என்றார் முதலாளி.

"நல்லா நடக்கறான். அப்படியே நடக்கட்டும்னுதான் வந்திருக்கேன். இவன் லாரியில ஏறினா உங்க கம்பெனிக்கு ஒரு நொண்டி கிடைப்பான். கீழ நின்னு லோடைச் சரி பார்க்கட்டும். என்ன நஷ்டம் உங்களுக்கு?"

"அவரு உங்க சொந்தக்காரரா?"

"எனக்கு இவனைப் பிடிக்கவே பிடிக்காது. இவனுக்கும் என்னைப் பிடிக்காது. கால் அவனுது."

முதலாளி சிரித்துவிட்டார். வேலை தப்பியது. நான் பஸ் நிலையம் வரை டாக்டரம்மாவோடு போனேன். நன்றி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் தங்கைக்குச் செய்ததற்கு ஈடாக வந்தாரா என்று கேட்கவும் முடியவில்லை. பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியே ஒன்றைத்தான் சொன்னார்: "மணல் பையை விட்டுடாதே."

இன்று என் கால் முழுவதும் மடங்காது. சம்மணமிட்டு உட்கார முடியாது. ஆனால் நடக்கிறேன், படி ஏறுகிறேன், வேலை பார்க்கிறேன். இதே நோயை வைத்துக்கொண்டு கோலூன்றி நிற்கும் என் சித்தி மகனைப் பார்க்கும்போது, நான் யாரால் நடக்கிறேன் என்பது தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை. இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான்.

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து இரண்டு பேர் ஷெட்டுக்கு வந்தார்கள். கூட வேலை பார்ப்பவரின் மகளைப் பெண் கேட்க வந்தவர்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்: "பொண்ணுக்கு என்னமோ வலிப்பு வருமாமே, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும்.

"அவுக வீட்டுல கேளுங்க" என்றேன்.

மூட்டில் சூடு தெரிந்ததும் உட்காருவதை டாக்டரம்மா கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தார். இந்தப் பதிலை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரிடம் பட்டுத் தெரிந்துகொண்டேன். அவருடையதாக என்னிடம் இருப்பவை இந்த இரண்டும்தான்.