ஆற்றங்கரைக்கு யார் பேசுவது

கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மகாவலி ஆற்றங்கரையைப் பற்றிய கூட்டத்தில் அந்த வாய் எங்கே போனதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஊருக்குப் பொதுவான அந்தக் கரையில் நடைபாதை, சிறுவர் பூங்கா, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் வரப்போகின்றன, மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று மாநகர சபையில் அழைத்திருந்தார்கள். அங்கே மூங்கில் புதருக்குப் பக்கத்தில் இறங்கும் கற்படிகளில்தான் டவுன் தமிழர்கள் நாங்கள் கருமாதி செய்து அஸ்தி கரைப்போம். ஆடி அமாவாசைக்கும் அங்கேதான் போவோம். போன வருடம் அப்பாவையும் அங்கேதான் கரைத்தேன். நான் கூட்டத்துக்குப் புறப்படும்போது அம்மா வாசல்வரை வந்துவிட்டார்.

"அந்தப் படிய மட்டும் விட்டுடச் சொல்லுப்பா. எனக்கும் அந்த எடந்தான். வேற எங்கயும் கொண்டு போயிடாத."

மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றி, பலகாரம் கொடுத்துத்தான் தொடங்கினார்கள். சுவரில் பெரிய படம். படிகள் இருக்கவேண்டிய இடத்தில் பலூன் பிடித்த பிள்ளைகள். எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்வரிசைக் கதிரைகளில் இருந்தோம். "நீங்க பேசுங்க", "இல்லல்ல, நீங்க மூத்தவரு, நீங்க சொன்னாத்தான் எடுபடும்" என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டோம். விளக்கு எரிகிற நேரத்தில், அந்தப் பலூனைப் பார்த்துக்கொண்டு, சாம்பல், பிண்டம் என்று யார் வாயைத் திறப்பது? அதிகாரி வேறு, ஆறு சுத்தமாக இருக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எழுந்து படகுக்கு இடம், கார் நிறுத்த இடம் என்று கேட்டார்கள். நாங்கள் பலகாரம் சாப்பிட்டோம்.

கடைசியில் எழுந்தவர் என் பக்கத்துக் கடைக்காரர், அக்குறணை ஊர்க்கார முஸ்லிம். அப்பாவின் அஸ்தியோடு நான் ஆற்றுக்குப் போன அன்று தன் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தவர். தமிழர்கள் இறந்தவர்களுக்குக் கடமை செய்கிற படிகள் அவை, படத்தில் அவற்றைக் காணோமே என்று நல்ல சிங்களத்தில் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன மொதலாளி, பேசாம ஈக்கிறீங்க? ஒங்கட வாப்பாவ அங்கதானே கரச்சீங்க? சொல்லுங்க."

மண்டபமே என்னைப் பார்த்தது. அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, எவ்வளவு இடம் வேண்டும் என்று தன்மையாகவே கேட்டார். நான் எழுந்தேன். கட்டாயமில்லை சேர், இடைஞ்சல் என்றால் நாங்கள் எங்காவது கீழே தள்ளிப் போய்க்கொள்வோம் என்று சிங்களத்தில் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். யாரும் எங்களைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை. நல்லவன் என்று பெயர் வாங்க நானாகவே படியை விட்டுக்கொடுத்துவிட்டேன். அதிகாரி நன்றி சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்தைப் பற்றிய பேச்சுக்குப் போய்விட்டார்.

பக்கத்துக் கடைக்காரர் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. எங்கள் வரிசையில் ஒருவர் என் முதுகைத் தட்டி, "பக்குவமா சொன்னீங்க" என்றார். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"சொன்னியாப்பா?"

"பேசினாங்கம்மா."

"யாரு?"

பக்கத்துக் கடைக்காரர் என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏன், அவரோட வாப்பாவையா அங்க கரைச்சோம்?"