கரி பஸ்ஸும் பகல் ஆந்தையும்

நண்பர்களே, இந்தக் கார்டை அரக்கோணம் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே என் மனைவிக்குப் பிரசவ வலி. இன்னும் சேதி இல்லை.

காலையில் நான் வாத்தியாராக இருக்கும் திருத்தணிக்கு ஆள் வந்து சொன்னதும் ஓடிப்போய் பஸ் ஏறினேன். யுத்தத்தில் பெட்ரோல் ஏது? கரியை எரித்து அந்த வாயுவில் ஓட்டும் கரி பஸ்தான். பாதி வழியில் பஸ்ஸின் பின்னால் இருக்கும் கரி அடுப்பைக் கிளறிவிட நிறுத்தினார்கள்.

பக்கத்துப் புளியமரத்துப் பொந்தின் வாயில் ஒரு சின்ன ஆந்தை. பட்டப்பகலில் எங்களைப் பார்த்துத் தலையை ஏற்றி இறக்கிக் கத்தியது.

"சாக்குருவிங்க! இப்ப வண்டிய எடுக்கமாட்டேன்" என்றார் டிரைவர். பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள்.

வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் கத்தினேன். "அது சாவு சொல்லலைங்க! தூரத்தை அளக்கத்தான் தலையை ஆட்டுது!"

ஒருவரும் காதில் வாங்கவில்லை.

விறகுக்கட்டோடு வந்த ஓர் அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு பயந்துகினு கீறீங்க? பொந்துல குஞ்சு கீது. அதோ, இன்னொண்ணு வெட்டுக்கிளிய கவ்விகினு கிளையில காத்துகினு கீது. நீங்க போனாத்தான் குஞ்சு துன்னும்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

அவ்வளவு பேசிய நான், பஸ் நகர்ந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னல் வழியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். வெட்டுக்கிளியைக் கவ்விய ஆந்தை இடமிருந்து வலமாகப் பறந்து பொந்துக்குள் போயிற்று.

அது நல்ல சகுனம்தானே? ஆம் என்பவர்கள் மட்டும் பதில் எழுதுங்கள்.